காயக் கூடாத நீலம்

நீலமாக இருக்கும் எதுவும் காய்ந்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் என் அப்பா, நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிறவர், தோல் பதனிடும் இடம் ஒன்றை நடத்திவந்தார். எங்கள் ஊரில் அதைத் தோல் ஷாப்பு என்போம். குரோம் உப்பில் ஊறிய தோல்கள் சுழலும் மரப்பீப்பாயிலிருந்து வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருக்கும். அந்த ஈரநீலத் தோலைக் காற்றில் விட்டுவிட்டால் ஓரம் முறுகி விறைத்துவிடும். பிறகு எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் பழைய மென்மை திரும்பாது. ஆகவே அடுக்கி முடித்த கையோடு நனைத்த சாக்கைப் போர்த்துவார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் நீலத் தாவணி கொடியில் தொங்கினால்கூட என் அண்ணன் காதர் சும்மா போகமாட்டார்.

“ஏலே, நீலம் காயுது! யாராச்சும் சாக்கப் போடுங்கப்பா!” என்று ஷாப்புக் குரலில் கத்துவார்.

அந்த அண்ணன்தான், ஒரு சித்திரை மாதக் காலையில், ஷாப்பின் பின்கட்டு அறையில் என் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் குனிந்து நின்றிருந்தார். கிண்ணத்தின் இரு பக்கமும் செங்கல் வைத்து, குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகளைப் போட்டு, அவற்றின் மேல் ஈரச் சாக்கு ஒன்றை விரித்துக்கொண்டிருந்தார். தூங்கும் குழந்தைக்குக் கொசுவலை கட்டுகிறவரின் கவனம் அவர் முகத்தில் இருந்தது.

நான் அப்போது மதுரையில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டதால், தாமிரக் கரைசல் ஒன்றைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துவந்து, ஆள் நடமாட்டமில்லாத அந்த அறையில் மெதுவாக ஆவியாகும்படி வைத்திருந்தேன். வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பியவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

“என்னண்ணே பண்றீங்க?”

“காஞ்சுக்கிட்டே வந்துச்சு தாயி. ஓரமெல்லாம் பொருக்கு கட்டுச்சு. நீயும் ஊருல இல்ல. அதான் நாலு நாளா மூடி வச்சிருக்கேன்.”

“காயட்டும்னுதான வச்சேன்! இது என்ன தோலா?”

“நீலமாத்தான இருக்கு?”

பின்னால் வேலையாட்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு முகம் சுட்டது.

“படிச்சிருந்தாத்தான தெரியும்” என்றேன்.

அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். அவர் நின்றதால்தான் அத்தாவுக்கு ஷாப்பில் துணை கிடைத்தது. நான் மதுரைக்குப் போக முடிந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். அண்ணன் சாக்கை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை மூலையில் எறிந்தேன்.

கிண்ணத்தின் அடியில் மெல்லிய தகடுகளாகப் படிகங்கள் முளைத்திருந்தன. அதுவரை நான் வளர்த்தவை எல்லாம் கருநீலக் கட்டைகள். இவையோ வெளிர்நீலத் தகடுகள். கோபத்தில் அந்த வேறுபாட்டை வியக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மீந்த கரைசலை வடித்துவிட்டு, தகடுகள் அங்கேயே உலரட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாறு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போய், அவற்றை ஒரு குப்பியில் சேகரித்தேன். குறிப்பேட்டில் இரண்டே சொற்றொடர்கள் எழுதினேன்: திறந்த கிண்ணம், அறை வெப்பநிலை.

ஒரே சரக்கு, இரண்டு அடுக்கு

போன வாரம் இந்தத் தொடரில் என் விடுதி அறையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த வாசகி ஒருவர், “படிகம் வளர்த்தேன் என்கிறீர்களே, அது என்ன செடியா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

கரைசலில் கரைந்திருக்கும்போது மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம்போல அலைகின்றன. கரைசல் மெல்ல வற்றும்போது அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன. கோடி கோடி மூலக்கூறுகள், சொல்லிவைத்தாற்போல ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நிற்கும். அப்படி நின்ற வரிசைதான் நம் கையில் பளபளக்கும் படிகம்.

நான் ஆய்வு செய்தவை உலோக அணைவுச் சேர்மங்கள். நடுவில் ஓர் உலோக அணு, என்னுடையதில் தாமிரம். அதைச் சுற்றிக் கரிமச் சேர்மங்கள் கைகோத்து நிற்கும். இப்படியான மூலக்கூறு ஒன்றே பல விதமாக அடுக்கப்படலாம். நூறு தோல்களை விரித்தும் அடுக்கலாம், முதுகோரம் மடித்தும் அடுக்கலாம். சரக்கு ஒன்றுதான். ஆனால் அடுக்கு மாறினால் வடிவம் மாறும், கரையும் வேகம் மாறும், சில சமயம் நிறம்கூட மாறும். இதைப் பல்லுருவம் என்கிறோம்.

இந்த அடுக்கில் அதிகம் தலையிடுவது தண்ணீர். மிகச் சிறிய மூலக்கூறு அது. ஆனால் கொடுக்க இரண்டு கைகள், வாங்க இரண்டு கைகள் உண்டு. ஒன்றையொன்று எட்டாத இரண்டு பெரிய மூலக்கூறுகளுக்கு நடுவே போய் நின்று, இரண்டையும் பிடித்துக்கொள்ளும். சில சேர்மங்களில் அது உலோகத்தையே பற்றிக்கொள்ளும். சிலவற்றில் உலோகத்தைத் தொடாமல், இடைவெளியில் மட்டும் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மொத்த வரிசையும் மாறிப்போகும்.

இத்தனையும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததுதான் என் தொல்லையாக முடிந்தது.

“மறுபடி பண்ணிக் காட்டு”

அந்த வெளிர்நீலத் தகடுகளில் ஒன்றை எக்ஸ் கதிர்க் கருவிக்கு அனுப்பினோம். முடிவைப் பார்த்துவிட்டு என் வழிகாட்டியான பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கருநீலக் கட்டையில் இருந்த அதே மூலக்கூறு; அணுவுக்கு அணு அதே எண்ணிக்கை; ஆனால் முற்றிலும் வேறு அடுக்கு. புதிய உருவம். அதில் ஒரு துளி நீரும் இல்லை.

“அருமையா வந்திருக்கு நூரு. மறுபடி பண்ணிக் காட்டு” என்றார்.

பண்ண முடியவில்லை. கிண்ணத்தைத் திறந்து வைத்தேன். கருநீலக் கட்டை வந்தது. பாதி மூடி வைத்தேன். கருநீலக் கட்டை வந்தது. கரைப்பானை மாற்றினேன், வெப்பத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே கட்டைகள், என்னைக் கேலி செய்வதுபோல அவ்வளவு அழகாக வந்தன. குப்பியில் மிஞ்சியிருந்த தகடுகளைச் சோதனைகளுக்காகத் தூளாக்கித் தீர்த்திருந்தேன்.

எங்கள் செய்முறையைக் கேட்டு வாங்கிய வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றும் முயன்றது. அவர்களுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதிய கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சந்தேகம் இருந்தது.

ஒரு நாள் பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

“கோவிச்சுக்காம கேளு. வேற யாரோட குப்பியோடயாச்சும் மாறிப்போச்சா?”

“இல்ல மேடம்.”

“மாறியிருக்கலாம்னு எழுதிட்டா விஷயம் முடிஞ்சுரும். யாரும் உன்னையக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“மாறல மேடம். நான் வளத்ததுதான்.”

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப ஆடி மாசத்துக்குள்ள எனக்கு இன்னொரு படிகம் வேணும். இல்லன்னா அந்த அத்தியாயத்த எடுத்துருவோம். எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்கு. ஆனா நம்பிக்கைய வச்சு கருவிய ஓட்ட முடியாதும்மா.”

ஐந்து அத்தியாயத்தில் ஒன்று போனால் பட்டம் போய்விடாது. ஆனால் நான் கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பதினெட்டு வளைவுகள்

தப்பான இடத்தில் தேடுகிறவருக்கும் உழைப்புக் குறைவதில்லை. ஷாப்பின் பின்கட்டு அறையின் குளிர்ச்சிதான் காரணமோ என்று, ஒரு முறை திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலைக்குப் புறப்பட்டேன். மலை வாழைத்தார்களுக்கு நடுவே பேருந்தில் உட்கார்ந்து, மடியில் துணி சுற்றிய குப்பியைப் பிடித்திருந்தேன்.

“என்னம்மா அது, ஊதா கலருல? புது ஜூஸா?” என்றார் நடத்துநர்.

“தாமிரம்ணே. குடிச்சா ஆஸ்பத்திரிதான்.”

“ஏ யப்பா! ஓரமா வச்சுக்கம்மா. இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு போடவா, உசுருக்கு இன்சூரன்ஸ் போடவா?”

பேருந்தே சிரித்தது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கிய கரைசல், மேலே போய்ச் சேர்ந்தபோது அடியில் மணல்போல உதிர்ந்து கிடந்தது. படிகம் அமைதியில் வளர்வது. அடுத்த பேருந்துக்கு நான்கு மணி நேரம் காத்திருந்து இறங்கி வந்தேன்.

தண்ணீர் தலையிட்டிருந்தால் அது தகட்டில் இருந்திருக்க வேண்டும் என்றே நினைத்தேன்; அதைச் சந்தேகிக்காததற்கு ஒரு பழைய நினைவும் காரணம். பள்ளியில் ஓர் ஆசிரியை மயில்துத்தத்தைச் சூடாக்கிக் காட்டினார். நீலக் கல் கண்ணெதிரே வெளுத்து மாவானது. உள்ளே இருந்த நீர் போய்விட்டது என்றார். பிறகு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். வெள்ளை மாவு சட்டென்று நீலமானது. வகுப்பு முழுவதும் “ஹா” என்றது. அன்று முதல் என் மனத்தில் ஒரு சட்டம் நின்றுவிட்டது: நீர் போனால் எல்லாம் குலைந்துபோகும். என் தகட்டில் நீர் இல்லை. அது குலையவும் இல்லை. ஆகவே அதற்கும் நீருக்கும் சம்பந்தமில்லை.

எழுதாமல் விட்டது

அந்த ஓராண்டாக அண்ணன் என்னோடு நேராகப் பேசவில்லை. சண்டையும் இல்லை. “அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்கம்மா” என்பார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. நானும் “சாப்பிட வரச் சொல்லுங்கம்மா” என்பேன்.

“ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குள்ள தபாலாபீஸ் வச்சிருக்கீங்க. சம்பளமில்லாத தபால்காரி நான்” என்று அம்மா சலித்துக்கொள்வார்.

அடுத்த ஆண்டு ஆனி மாதம். அத்தியாயத்தை நீக்கும் கடிதத்தை எழுதுவதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தேன். நான் எழுதிய இரண்டே சொற்றொடர்கள். ‘திறந்த கிண்ணம்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்தக் கிண்ணம் திறந்திருக்கவில்லை.

நான் மறந்திருக்கவில்லை என்பதுதான் வெட்கம். ஆய்வுக் குறிப்பேட்டில் ஈரச் சாக்கு என்று எழுதக் கூசினேன். அதை எழுதினால் யார் போட்டது, ஏன் போட்டார் என்றெல்லாம் எழுத வேண்டும். ஆகவே விட்டுவிட்டேன். ஓராண்டாக நானும், என்னை நம்பி இன்னோர் ஆய்வுக்கூடமும், இல்லாத ஒரு செய்முறையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம்.

ஷாப்புக்குப் போனேன். அண்ணன் ஈரநீலத் தோல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே.”

“அம்மா வீட்டுலதான இருக்காங்க” என்றார், திரும்பாமல்.

“உங்களத்தான் பாக்க வந்தேன்.”

“பாத்தாச்சுல்ல?”

“போன வருசம் சித்திரையில என் கிண்ணத்த மூடுனீங்கள்ல…”

“அதுக்கு இன்னொரு வட்டம் திட்டணுமா? திட்டிட்டுப் போ. நாத்தத்துல எதுக்கு நிக்கிற?”

“எப்படி மூடுனீங்கன்னு சொல்லுங்கண்ணே. ஒண்ணு விடாம.”

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கையில் குறிப்பேட்டோடு நிற்பதைக் கண்டு கொஞ்சம் தடுமாறினார்.

“காலையில ஒருக்கா, சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால ஒருக்கா நனைப்பேன். சொட்டச் சொட்ட இல்ல, பிழிஞ்சுதான். போர் தண்ணி உப்பு, உன் சரக்கு கெட்டுரும்னு லாரித் தண்ணியிலதான் நனைச்சேன். குடிக்கிற தண்ணிய சாக்குக்கு ஊத்துறியேடான்னு அம்மா அம்புட்டுப் பேச்சு பேசுனாங்க.”

“நான் சாக்க எடுத்து எறிஞ்ச பெறகு?”

அண்ணன் தோலின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கண்ணே.”

“நீ அங்குட்டுப் போனதும் திரும்பப் போட்டேன்.”

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் தொடர்ந்தார்.

“மறுநா பாதி மூடுனேன். அதுக்கு மறுநா கால்வாசி. அப்புறம் காஞ்ச சாக்கு ஒரு நா. நீதான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலையே. சித்திர வெயில்ல ஈரமா இருக்கிறத ஒரேயடியாத் தொறந்தா வெடிச்சிராதா? நீ திட்டுனங்கிறதுக்காக அத வெடிக்கவா விட முடியும்?”

“அன்னைக்கு நான் பேசுனது தப்புண்ணே.”

“எது, தோலான்னு கேட்டதா?”

“படிப்பப் பத்திச் சொன்னது.”

அவர் கையிலிருந்த தோலை அடுக்கில் வைத்துவிட்டுக் கேட்டார்: “அத எழுதி வச்சியா உன் நோட்டுல?”

“இல்ல.”

“அப்பச் சரி. எழுதாததெல்லாம் கணக்குல சேராதுல்ல? வா, கிண்ணத்தக் கொண்டா.”

சாக்கின் கீழ்

இம்முறை வேலையை அவரே எடுத்துக்கொண்டார். செங்கல், மூங்கில் குச்சி, லாரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கு. நான் வெறும் எடுபிடி. சாக்குக்கு அடியில் ஈரமானி வைத்து அளந்தேன், ஒவ்வொன்றையும் எழுதினேன். “பிழியிறதக்கூட எழுதுவியா?” என்று சிரித்தார்.

என் கரைசல் மெத்தனாலில் செய்தது. அதில் நான் தண்ணீரே சேர்க்கவில்லை. மெத்தனால் மெல்ல வெளியேற, சாக்கின் ஈரம் மெல்ல உள்ளே இறங்கியது. நான்காம் நாள் காலை உருப்பெருக்கியில் கண்ணை வைத்தேன். வெளிர்நீலத் தகடுகள். அண்ணனைப் பார்க்கச் சொன்னேன்.

“ரம்ஜான் பிறை மாதிரி ஓரம் மட்டும் மினுங்குது” என்றார்.

ஒரு தகட்டை அன்றே எண்ணெய்த் துளிக்குள் வைத்துக் காற்றுப்படாமல் மூடி மதுரைக்கு எடுத்துப்போனேன். மற்றவற்றை அண்ணன் தன் முறைப்படி பாதி, கால் என்று நாளுக்கு நாள் திறந்து உலர்த்தினார். அவற்றில் ஒன்றையும் அனுப்பினோம். ஆடி பிறப்பதற்குச் சில நாட்கள் இருந்தபோது இரண்டு முடிவுகளும் சேர்ந்து வந்தன.

அந்தத் திரையை இப்போதும் கண் மூடினால் பார்க்கிறேன். முதல் படிகத்தில், தாமிர மூலக்கூறுகளின் வரிசைகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் வாய்க்கால்போல ஓடின. ஒன்றுகூட உலோகத்தைத் தொடவில்லை. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று பிடித்து, எட்டாத தூரத்தில் இருந்தவற்றை எல்லாம் ஓர் ஒழுங்கில் நிறுத்தியிருந்தன. இரண்டாவது படிகத்தில் அந்த வாய்க்கால் இல்லை. அங்கே பள்ளம்கூட இல்லை. இருபுறத்து மூலக்கூறுகளும் சற்றே நெருங்கி வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தன. ஆனால் நீர் நிறுத்திவைத்த வரிசை அப்படியே இருந்தது.

நீர் வந்தது, அடுக்கியது, போனது. நேரடியாக உலர்ந்தால் அந்த மூலக்கூறுகளுக்கு அந்த வரிசைக்குப் போக வழியே தெரியாது. வழி நீர் வழியாக மட்டுமே இருந்தது. முடிந்த பொருளில் தேடினால் நீர் வந்துபோன சுவடே அகப்படாது. இத்தனை ஆண்டுகள் கற்பித்த பிறகும் இதைச் சொல்லும் இடத்தில் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. பார்க்க ஒருவருமில்லாத அறையில், ஒரு சாக்குக்கு அடியில், கோடானுகோடி மூலக்கூறுகள் பிசகாமல் இதைச் செய்து முடித்திருக்கின்றன.

பேராசிரியர் வெகுநேரம் திரையைப் பார்த்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தச் சாக்கப் போட்டது யாரு?”

“எங்கண்ணன் மேடம்.”

“செய்முறையில என்னன்னு எழுதப் போற?”

“ஈரப்பதம் அளந்து வச்சிருக்கேன். அத எழுதிரலாமா?”

“அதையும் எழுது. சாக்கையும் எழுது. விட்டதுனாலதான ஒரு வருஷம் போச்சு.”

வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குத் திருத்திய செய்முறையை அனுப்பி, முன்பு நான் விட்டது என்ன என்பதையும் மறைக்காமல் எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அவர்கள் சாக்குக்குப் பதில் ஈரக்காற்றுப் பெட்டியைப் பயன்படுத்தியிருந்தார்கள். தகடுகள் கிடைத்துவிட்டன என்று எழுதி, ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். அத்தியாயம் தங்கியது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் பேரு எதுக்கு அதுல?”

“செய்முறை உங்களோடதுண்ணே.”

“தப்பா இருந்தா என்னையத் தேடி வருவாங்களா?”

“ரெண்டு பேரையும்தான் தேடி வருவாங்க.”

“வரட்டும். டீ போட்டுக் குடுப்போம்” என்றார் என்னிடம், நேராக என்னைப் பார்த்து.

அத்தா அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வேடு அட்டை கட்டி வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் மவுத்தானார். அம்மா பார்த்தார். எழுத்துக்கூட்டி மகனின் பெயரை இரண்டு முறை வாசித்தார். எங்கள் இருவருக்கும் நடுவே நின்ற அந்தத் தபால்காரியும் இப்போது இல்லை.

பேகம்பூர் வீட்டில் அண்ணன் இருக்கிறார். நானும் இருக்கிறேன்.